ஜிஇபி முடிகிறது: தொடக்கநிலை 3-இல் பிள்ளை உள்ள பெற்றோர் பள்ளியிடம் எதைக் கேட்க வேண்டும்?

செங்காங் தாய் எழுதியது:

வணக்கம். என் மகள் தொடக்கநிலை 5-இல், நாம் ஜிஇபி என்று சொல்லிப் பழகிய மீத்திறன் மாணவர் கல்வித் திட்டத்தில் படிக்கிறாள். மகன் இவ்வாண்டு தொடக்கநிலை 3. அத்திட்டம் இப்போதுள்ள வடிவில் தொடராது என்று சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 ஆகஸ்ட் 18 அன்று தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். அப்போது தொடக்கநிலை 1-இல் இருந்தவர்களிலிருந்து புதிய ஏற்பாடு தொடங்குவதால், எங்கள் வீட்டில் அக்காள் பழைய முறையிலும் தம்பி புதிய முறையின் முதல் தொகுதியிலுமாக இருக்கப் போகிறார்கள்.

விவரம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய முறையில் தொடக்கநிலை 3 மாணவர்கள் ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஒரு வடிகட்டும் தேர்வு எழுதுவார்கள். அதில் முன்னேறியவர்கள் அக்டோபரில், அவ்விரண்டோடு, பாடம் சாராத சிந்தனையைப் பார்க்கும் பொதுத்திறன் தாளும் சேர்ந்த இரண்டாம் தேர்வை எழுதுவார்கள். முடிவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் தேர்வாகி, ஒன்பது பள்ளிகளில் ஒன்றில் தொடக்கநிலை 4 முதல் 6 வரை தனி வகுப்பில் படிப்பார்கள். புதிய முறையில் ஒரே கட்டத் தேர்வுதான். அதனோடு ஆசிரியர்களின் கணிப்பும் மாணவரின் அன்றாட வேலையும் சேர்த்துப் பார்க்கப்படும். ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் தத்தம் பள்ளியிலேயே கூடுதல் பயிற்சி பெறுவார்கள். அதற்கும் மேலே செல்லக்கூடியவர்களுக்கு 2027 முதல், தீவின் பல பகுதிகளில் தெரிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 15 பள்ளிகளில், பாடநேரம் முடிந்த பின் வகுப்புகள் நடக்கும்.

என் மகள் பழைய பள்ளியில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாத பிள்ளையாக இருந்தாள். ஏறத்தாழ 25 பேர் மட்டுமே உள்ள இப்போதைய வகுப்பில், தன்னைப் போலவே கேள்வி கேட்டு அலுக்காதவர்களுக்கு நடுவில், அவள் வேறு பிள்ளையாகவே மாறிவிட்டாள். இது மகனுக்கு, மாலையில் சில மணி நேரம் நடக்கும் வகுப்பால் கிடைக்குமா? அவன் எப்படியாவது அந்த நூற்றுக்குப் பத்துப் பேரில் ஒருவனாக வேண்டும் என்பது என் நோக்கமன்று. பள்ளியிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல்தான் எழுதுகிறேன்.

பழைய மாணவன் எழுதியது:

சகோதரி, நான் 1990-களில் அத்திட்டத்தில் படித்தவன். அப்போதைய கல்வித் துணை அமைச்சர் டாக்டர் டே எங் சூன் தலைமையில் 1981-இல் ஒரு குழு வெளிநாட்டு முறைகளைப் பார்வையிட்டு வந்த பிறகு, 1984-இல் ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளியிலும் ரோசித் பள்ளியிலும், உயர்நிலையில் மேலும் இரண்டு பள்ளிகளிலும் இது தொடங்கியது. மக்களைத் தவிர வேறு வளம் இல்லாத நாடு, கூர்மையான பிள்ளைகளை வீணாக்கக்கூடாது என்ற கணக்கே அதற்கு அடிப்படை. உயர்நிலைப் பகுதி 2008-ஆம் ஆண்டளவில், இடையில் சாதாரண நிலைத் தேர்வு இல்லாத ஒருங்கிணைந்த ஆறாண்டுத் திட்டங்கள் வேரூன்றிய பிறகு, தனித் திட்டமாக இல்லாமல் போய்விட்டது. ஆகவே இப்போது நடப்பதை ஒரு திடீர் முறிவாக நான் பார்க்கவில்லை; பாதி வீட்டை அன்றே இடித்தார்கள், மீதியை இப்போது இடிக்கிறார்கள்.

வகுப்பின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொந்தமாக ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் அதைத் துரத்தி, கடைசியில் எழுதிச் சமர்ப்பிக்கும் தனியாள் ஆய்வு ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தில் கூட அவ்வளவு சுதந்திரமாக நான் ஆய்வு செய்ததில்லை. ஆனால் ஒன்பது வயதில் அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்தில் பந்து விளையாடிய நண்பர்களை விட்டு, தீவின் மறுபுறத்திற்கு அதிகாலைப் பேருந்தில் போய்வரும் வாழ்க்கை தொடங்கியது. புதிய வகுப்புத் தோழர்கள் பெரும்பாலும் தனி வீட்டிலோ கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியிலோ இருந்தார்கள். "கெட்டிக்காரப் பிள்ளைகள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள்" என்று அந்த வயதில் நான் முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவு கலைய, எல்லா இளைஞர்களும் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓவியம், இசை, உடற்கல்வி ஆகியவற்றில் மற்ற மாணவர்களோடு கலந்து அமர வைத்தது எங்களுக்குப் பின் வந்தவர்களின் காலத்தில்தான். என்னைப் பொறுத்தவரை திட்டத்தில் கெட்டது பாடமன்று, இடமாற்றம்தான். பாடத்தைக் கைவிடாமல் இடமாற்றத்தை மட்டும் நீக்க முடிந்தால் நல்லதே.

கணக்கு ஆசிரியை எழுதியது:

நான் அந்த ஒன்பது பள்ளிகளில் எதிலும் பணியாற்றியதில்லை. சாதாரண அக்கம்பக்கப் பள்ளியில் தொடக்கநிலை 4, 5 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். ஆகவே செங்காங் தாயின் கேள்வி நேராக என் மேசைக்குத்தான் வருகிறது.

மாலை வகுப்பு வாரத்தில் எத்தனை மணி நேரம் நடந்தாலும் அது ஓரத்து விஷயம். பிள்ளை காலை ஏழரை மணி முதல் பிற்பகல் வரை அமர்ந்திருப்பது வழக்கமான வகுப்பில். அந்த நேரத்தில் ஏற்கெனவே தெரிந்ததையே அவன் திரும்பத் திரும்பச் செய்தால், மாலையில் கொடுக்கும் சுவையான கணக்கு அதை ஈடு செய்யாது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் மகனுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை நடத்தும்போது அவன் என்ன செய்வான்?" என்பதே.

இதற்கு ஆசிரியர்களிடம் வழக்கமாகக் கிடைக்கும் விடைகளில் இரண்டு தவறானவை. ஒன்று, முடித்தவனுக்கு இன்னொரு பயிற்சித் தாள். சீக்கிரம் முடித்தால் தண்டனை என்பதைப் புரிந்துகொண்டு அந்தப் பிள்ளை அடுத்த வாரம் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்வான். மற்றொன்று, பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக் கொடுக்க வைப்பது. எப்போதாவது செய்தால் இருவருக்கும் நல்லது. தினமும் செய்தால் சம்பளமில்லாத உதவி ஆசிரியர் ஒருவரை உருவாக்குகிறோம்.

நான் செய்வது இது. பாடத்தொகுதி தொடங்கும் முன் ஒரு சிறு முன்னறித் தேர்வு வைக்கிறேன். அதில் பெரும்பகுதியைச் சரியாகச் செய்தவர்கள், தெரியாத பகுதிக்கு மட்டும் என்னோடு அமர்ந்துவிட்டு, மீதி நேரத்தில் அதே தலைப்பின் ஆழமான பக்கத்துக்குப் போவார்கள். எடுத்துக்காட்டாக, தொடக்கநிலை 4-இல் காரணிகள் வருகின்றன. 24-இன் காரணிகளைப் பட்டியலிடத் தெரிந்த பிள்ளைக்கு 36, 48, 60 என்று தந்துகொண்டே போவதில் பயனில்லை. "ஒன்று முதல் நூறு வரை எந்த எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருகிறது, ஏன்?" என்று கேட்டால், அவன் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களைக் கண்டுபிடிப்பான். காரணிகள் எப்போதும் இணையாக வருகின்றன, வர்க்க எண்ணில் மட்டும் ஒரு காரணி தனக்குத்தானே இணையாகிறது என்பதைத் தன் சொற்களில் எழுதிக் காட்ட அவனுக்கு ஒரு முழுப் பாடவேளை ஆகும். பாடத்திட்டத்தை விட்டு நான் ஓர் அடியும் வெளியே போகவில்லை. அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே நடத்தவும் இல்லை.

இதைச் செய்வதற்குத் தடையாக இருப்பது அறிவின்மை அன்று. முப்பத்தைந்து, நாற்பது பேர் உள்ள வகுப்பில், பெருக்கல் வாய்ப்பாடே நிலைக்காத ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இன்னொரு மூலையில் மூன்று பேர் வர்க்க எண்களைத் துரத்துவதைக் கவனிப்பதற்கு வேண்டிய ஆயத்த நேரம்தான் தடை. தனி வகுப்புத் திட்டத்தில் ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சியும் ஆயத்தமான பாடக்கருவிகளும் இருந்தன. அவை அக்கம்பக்கப் பள்ளியின் ஆசிரியர் அறைக்கு எவ்வளவு வந்து சேர்கின்றன என்பதைப் பொறுத்தே இந்த மாற்றம் வெறும் பெயர் மாற்றமா, இல்லையா என்பது தெரியும்.

ஜூரோங் தந்தை எழுதியது:

ஆசிரியை அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: அந்தப் பத்துப் பேர் யார் என்பதை முடிவு செய்வது.

2023-ஆம் ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி வெள்ளி செலவிடுகின்றன. ஜிஇபி தேர்வுக்கென்றே தொடக்கநிலை 1-இலிருந்து பயிற்சி தந்த நிலையங்களின் விளம்பரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பயிற்சி பெறாத பிள்ளையின் திறனை அளக்கவே அத்தேர்வு ஏற்பட்டது. நடைமுறையில் அது பயிற்சிக்கு ஆன செலவையும் சேர்த்தே அளந்தது. இப்போது ஒரே தேர்வு, அதோடு ஆசிரியர் கணிப்பு. நூற்றுக்கு ஒருவர் என்பது பத்துப் பேராகும்போது, "எனக்கெதற்கு" என்று ஒதுங்கியிருந்த பெற்றோரும் போட்டிக்குள் வருவார்கள் என்றே அஞ்சுகிறேன்.

ஆசிரியர் கணிப்பு பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்து, ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளையின் கூர்மை, நாற்பது பேருக்கு நடுவில் எந்த ஆசிரியர் கண்ணில் படும்? எதற்கும் கை உயர்த்தி, அழகாகப் பேசும் பிள்ளையைத்தானே யாரும் முதலில் குறித்துக்கொள்வார்கள்? ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. மனிதக் கண் அப்படித்தான்.

நூலகவாசி எழுதியது:

ஜூரோங் தந்தையின் ஐயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பிராவர்டு கவுண்டி என்ற பெரிய கல்வி வட்டாரத்தில், பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்த பிள்ளைகளுக்கு மட்டும் மீத்திறன் சோதனை நடந்து வந்தது. 2005-இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் மொழி சாராத, வடிவங்களை வைத்துச் சிந்திக்கும் ஒரு குறுஞ்சோதனை வைத்தார்கள். அதுவரை யாரும் பரிந்துரைக்காத ஏழைப் பிள்ளைகளும், கறுப்பினப் பிள்ளைகளும், வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளும் பெருமளவில் தேர்வானார்கள். அதை ஆராய்ந்தவர்கள் பொருளியலாளர்கள் டேவிட் கார்டு, லோரா ஜூலியானோ ஆகியோர். கார்டு 2021-இல் நோபல் பெற்றவர். பின்னர் நிதி நெருக்கடியால் அந்தப் பொதுச்சோதனை கைவிடப்பட்டதும் பழைய ஏற்றத்தாழ்வு திரும்பி வந்துவிட்டது என்பது அந்த ஆய்வின் இன்னும் முக்கியமான பகுதி. ஆசிரியர்கள் மாறவில்லை, பிள்ளைகள் மாறவில்லை. அனைவரையும் ஒருமுறை பார்க்கும் ஏற்பாடு மட்டும்தான் வந்தது, போனது.

அதே இருவரின் இன்னோர் ஆய்வும் இங்கே பொருந்தும். அங்கே ஒரு பள்ளியின் குறிப்பிட்ட வகுப்புநிலையில் மீத்திறன் பிள்ளை ஒருவர் இருந்தாலே தனி வகுப்பு நடத்த வேண்டும். மீதி இடங்களை அந்நிலையில் அதிக மதிப்பெண் பெற்றவர்களைக் கொண்டு நிரப்புவார்கள். அவ்வகுப்பால் மிகுந்த பயன் பெற்றவர்கள் அப்படி இடம் நிரப்ப வந்த சிறுபான்மையினப் பிள்ளைகள்தான். நுண்ணறிவு அளவெண்ணால் (ஐக்யூ) தேர்வானவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் தெரியவில்லை. உச்சத்து ஒருவரை விட்டு அடுத்த ஒன்பது பேருக்கும் கையை நீட்டுவது வீண்செலவு என்று நினைப்பவர்கள் இதைக் கருத வேண்டும்.

சோதனையே தீர்ப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். 1921-இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் மீத்திறன் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தபோது, சோதிக்கப்பட்டும் தேர்வாகாத இருவர், வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ், பின்னாளில் இயற்பியலில் நோபல் பெற்றார்கள். ஆகவே தொடக்கநிலை 3-இல் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவை மூடாமல் 4-இலும் 5-இலும் திரும்பப் பார்ப்பது இன்றியமையாதது. நம்முடைய பழைய முறையின் இரண்டாம் கட்டத்தில் இருந்த பொதுத்திறன் தாளை நான் மதித்தேன். மூன்று தாள்களில் வீட்டு ஆங்கிலத்தின் பிடி சற்றுத் தளர்ந்திருந்தது அதில்தான். ஆனால் முதல் கட்டத்தை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தாண்டியவர்களுக்கே அது கிடைத்தது என்பது எனக்கு எப்போதும் தலைகீழாகவே தோன்றியது.

கணக்கு ஆசிரியை எழுதியது:

மனிதக் கண் பற்றிச் சொன்னது எனக்கும் பொருந்தும் என்று ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023-க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டுவிட்டன. தொடக்கநிலை 1, 2-இல் மதிப்பெண் தேர்வே கிடையாது. அதனால் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைக் கவனித்து எழுதி வைப்பது ஏற்கெனவே எங்கள் வேலையின் பகுதியாகிவிட்டது. "ஆசிரியர் கணிப்பு" என்பது ஒருவரின் மனப்பதிவாக இருந்தால் நீங்கள் அஞ்சுவது நடக்கும். பிள்ளை செய்த வேலையையே ஆதாரமாக வைத்து, பாட ஆசிரியர்கள் மூவர், அவர்களில் ஒருவர் தாய்மொழி ஆசிரியர், சேர்ந்து அமர்ந்து பேசினால் நடக்காது. தாய்மொழி ஆசிரியரைச் சேர்க்கச் சொல்வது காரணத்தோடுதான்: ஆங்கில வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை தமிழ் வகுப்பில் வாதாடுவதை எங்கள் பள்ளித் தமிழாசிரியர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

செங்காங் தாய் எழுதியது:

தமிழ் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று நினைவுக்கு வருகிறது. மகள் தேர்வானபோது "ஒன்பது பள்ளிகளில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாமே" என்று உறவினர்கள் வாழ்த்தினார்கள். அந்த ஒன்பதில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் தொடக்கநிலைப் பிரிவு, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் ஆகிய நான்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அங்கே தாய்மொழிப் பாடமாகச் சீனமே கற்பிக்கப்படுகிறது. மீதி ஐந்தில் ஆங்கிலோ-சீனப் பள்ளி ஆண்களுக்கு, ராஃபிள்ஸ் பெண்களுக்கு. ஆகவே தமிழ் படிக்கும் பெண் பிள்ளைக்கு எஞ்சியவை ராஃபிள்ஸ் பெண்கள், ரோசித், ஹென்றி பார்க், செயின்ட் ஹில்டாஸ் என்ற நான்கு. வீட்டுத் தொலைவையும் கணக்கில் எடுத்தால் இன்னும் குறைவு. மகன் தன் பள்ளியிலேயே இருந்துகொண்டு, தன் தமிழாசிரியரையும் இழக்காமல் இருக்கலாம் என்பது புதிய முறையில் எங்களுக்கு மெய்யான ஆதாயம்.

ஆனால் இன்னொரு சிக்கலும் தெரிகிறது. தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள், பாடநேரத்துக்குப் பின் வேறு பள்ளிக்கோ மொழி நிலையத்துக்கோ போய்த் தமிழ் படிக்கிறார்கள். கூடுதல் வகுப்பும் அதே பிற்பகலில், இன்னொரு பள்ளியில் என்றால் எதை விடுவது? என் மகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவன் நண்பன் ஒருவனுக்கு உண்டு. அவன் தாயார் தமிழைத்தான் முதலில் விடுவார் என்பதை நான் எழுதித் தரலாம்.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

இடையில் ஒரு சொல். என் மகனுக்கு வாசிப்புக் குறைபாடு உண்டு. தொடக்கநிலை 3, 4-இல் பள்ளிகள் நடத்தும் வாசிப்புத் துணைவகுப்பில் இருந்தான். வாய்மொழியாகக் கேட்டால் கணக்கில் அவனுக்கு நிகர் வகுப்பில் இல்லை. சொற்கணக்கைத் தாளில் வைத்தால் பாதிக்கு மேல் விட்டுவிடுவான். பழைய முறையில் இரண்டு ஆங்கிலத் தாள்களைத் தாண்டி அவன் போயிருக்க வாய்ப்பே இல்லை. ஒரு பாடத்தில் மட்டும் வலுவான பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் மட்டும் கதவு திறப்பார்கள் என்றால், இப்படிப்பட்டவர்களுக்கு அதுதான் இந்த மாற்றத்தின் முழுப் பயன். துணைவகுப்பில் இருக்கிறான் என்பதாலேயே கூடுதல் வகுப்புக்கு அவனை நினைக்காமல் விடும் பழக்கமும் போக வேண்டும்.

பழைய மாணவன் எழுதியது:

தெம்பனிஸ் தந்தை சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் வகுப்பில் கணிதத்தில் அசாத்தியமாகவும் கட்டுரையில் சாதாரணமாகவும் இருந்தவர்கள் பலர். எல்லாவற்றிலும் "மீத்திறன்" என்று முத்திரை குத்தப்பட்டதால், எழுத வராததை மறைப்பதிலேயே அவர்கள் சக்தியில் பாதி போனது. முத்திரை பிள்ளையின் மேல் இல்லாமல் வகுப்பின் மேல் இருந்தால், ஒருவன் செவ்வாய்க்கிழமை கணித வகுப்புக்குப் போய்விட்டு வியாழக்கிழமை சாதாரணப் பிள்ளையாக இருக்கலாம்.

கணக்கு ஆசிரியை எழுதியது:

செங்காங் தாய் தொடக்கத்தில் கேட்டதற்கு வருகிறேன். பெற்றோர் சந்திப்பில் "என் மகன் தேர்வாவானா" என்று கேட்டால் ஆசிரியரால் விடை சொல்ல முடியாது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தெரிந்த பாடத்தின்போது அவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். அவன் செய்த வேலைகளில் ஆசிரியரை வியக்க வைத்தது ஏதாவது உண்டா, அதைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் அவன் தானாகச் செய்தது ஏதேனும் இருந்தால், துணைப்பாட நிலையத்தின் தாளாக இல்லாமல் அவனுடைய சொந்தக் கிறுக்கலாக இருந்தால், கொண்டு போய்க் காட்டுங்கள். தொடக்கநிலை 4-இல் சேராதவர்கள் 5-இல் சேரலாமா, யார் அதைத் தொடங்கி வைப்பது என்பதையும் கேட்க வேண்டும். மாலை வகுப்புக்குப் போய்வரும் போக்குவரத்தையும் தவறாமல் கேளுங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளையை இன்னொரு பள்ளிக்கு அழைத்துப் போக ஆள் இல்லையென்றால், இடம் கிடைத்தும் கிடைக்காதது போலத்தான். இதைப் பெற்றோர் கேட்காவிட்டால் பள்ளி நிர்வாகம் ஒரு பிரச்சினையாகவே எண்ணாது.

அவனைப் போன்ற தோழர்கள் கிடைப்பார்களா என்ற உங்கள் கவலைக்கு என்னிடம் முழு விடை இல்லை. நூற்றுக்குப் பத்துப் பேர் என்றால் ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர் வரலாம். அவர்களை வகுப்புக்கு ஒருவராகச் சிதறடிக்காமல் ஒரே வகுப்பில் சேர்த்து வைப்பது தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. அதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

செங்காங் தாய் எழுதியது:

மிக்க நன்றி, ஆசிரியை அவர்களே. கடைசியாகச் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. மகள் வகுப்பில் கண்டதில் பெரும்பங்கு அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பு பிரிக்கும் முன்பே, ஆண்டின் நடுவிலேயே, இதைப் பள்ளிக்கு எழுதப் போகிறேன். நண்பனின் தமிழ் வகுப்பு நேரத்தைப் பற்றியும் சேர்த்து.

ஜூரோங் தந்தை எழுதியது:

நான் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அனைவருக்கும் ஒரே தேர்வு என்பது நூலகவாசி சொன்ன பிராவர்டு முறைக்கு நெருக்கம்தான். ஆனால் அது மொழியையும் பயிற்சியையும் எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை வைத்தே பிள்ளைகளை அது கண்டெடுக்கிறதா, வடிகட்டுகிறதா என்று சொல்ல முடியும். முதல் தொகுதி 2027-இல் தொடக்கநிலை 4-க்குப் போன பிறகு, தேர்வானவர்களில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு வாடகை வீடுகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், நிதி உதவி பெறுவோர் எத்தனை பேர் என்ற கணக்கைக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பள்ளியின் பெயரோ பிள்ளையின் பெயரோ வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்த பிறகு இந்த இழைக்குத் திரும்பி வருகிறேன்.